புத்தளக் கரையும் மின் கிற்றாரும்

கடலோர மக்களின் இசையில் கப்பலின் வாசம் எப்போதும் கலந்திருக்கும். உள்நாட்டு ஊர்களில் ஒரு பாட்டும் ஒரு வாத்தியமும் தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் வேரூன்றி வளரும். கரையோர ஊர்களிலோ ஒவ்வொரு காற்றுப் பருவமும் புதிய மனிதரைக் கொண்டுவந்து இறக்கும். அவர்களுடன் புதிய மொழியும் புதிய தாளமும் வந்து இறங்கும். இலங்கையின் மேற்குக் கரையில், சிலாபம் தொடங்கிக் கற்பிட்டிக் குடாநாடு வரை நீண்டு கிடக்கும் புத்தள மாவட்டக் கரை இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். உப்பளமும் தென்னந்தோட்டமும் களப்பும் சூழ்ந்த இந்தக் கரை பழமையான துறைமுக நிலம். 1344ஆம் ஆண்டில் அறபு நாட்டு யாத்திரிகர் இபின் பதூதா ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த பத்தலா என்னும் பட்டினம் புத்தளமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். அத்தகைய கரையில் ஒரு தந்தி வாத்தியம் எவ்வாறு வந்து சேர்ந்தது, அது மின்சாரத்தின் துணையை எவ்வாறு பெற்றது, இன்று அந்த வாத்தியத்தைத் தன் விருப்பப்படி செய்விக்க எண்ணுபவன் எவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும் என்பனவற்றை ஆராய்வது பயனுடையதாகும்.

1505ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். வாளும் சிலுவையும் அவர்களுடன் வந்தமையைச் சரித்திர நூல்கள் விரிவாகக் கூறும். மரக்கூடும் தந்திகளும் கொண்ட வாத்தியங்கள் வந்தமையை அவை அவ்வளவு விரிவாகக் கூறுவதில்லை. ஆயினும் அந்த இசைமரபு ஆட்சியைக் காட்டிலும் நீண்ட ஆயுள் உடையதாயிற்று. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமானதோடு போர்த்துக்கேயர் ஆட்சி இத்தீவில் முடிவுற்றது. கற்பிட்டியில் இன்றும் நிற்கும் கோட்டை, 1667ஆம் ஆண்டு முதல் ஒல்லாந்தர் எழுப்பியது. ஆட்சி மாறியும் போர்த்துக்கேயம் கலந்த கிரியோல் மொழி மறையவில்லை. மட்டக்களப்பு, திருகோணமலைப் பறங்கியர் வீடுகளில் அது நெடுங்காலம் பேசப்பட்டது. வயலினும் கிற்றாரும் மன்டலினும் சேர்ந்து ஒலிக்கக் கவ்றிஞ்ஞா என்னும் ஆட்டம் அவர்களுடைய கலியாண வீடுகளில் நடைபெற்றது. அந்த ஆட்டத்தின் பெயரிலேயே ஆபிரிக்க மனிதரின் சுவடு பதிந்திருக்கிறது.

அந்த ஆபிரிக்கர் யார்? போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் மொசாம்பிக் முதலிய கிழக்காபிரிக்கக் கரைகளிலிருந்து மனிதரை அடிமைகளாகவும் படைவீரராகவும் இத்தீவுக்குக் கொண்டுவந்தனர். ஆங்கிலேயர் அவர்களைக் கொண்டு தனிப்படையே அமைத்தனர். இலங்கை றைபிள் படை 1873ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. அந்தப் படைவீரரின் வழித்தோன்றல்கள் சிலர் புத்தளப் பகுதியிலேயே நிலைத்துவிட்டனர். புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிரம்பியடிக் கிராமத்தில் இன்று அவர்களுடைய சந்ததியார் சிறு தொகையினராக வாழ்ந்து வருகின்றனர். அவர்கள் பாடும் பாட்டுக்கு மஞ்ஞா என்று பெயர். அன்றாடப் பேச்சிலிருந்து கிரியோல் மொழி பெரும்பாலும் மறைந்துவிட்டது. மஞ்ஞாப் பாட்டின் அடிகளிலே அது இன்னும் தங்கிநிற்கிறது. றபான், சிரட்டைகள், கண்ணாடிப் போத்தலும் கரண்டியும், மன்டலின் ஆகியவை அந்தப் பாட்டுக்குத் துணை செய்யும் கருவிகள். வீட்டிலுள்ள பொருளே வாத்தியமாகும் எளிமை அதில் உண்டு. மஞ்ஞாவின் நடை கருதத்தக்கது: அது மெல்லத் தொடங்கும், ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடப்பாடத் தாளம் விரைவுபெறும், முடிவில் கையும் காலும் சேர்ந்து ஆடும் உச்சத்தை எட்டும். அடக்கத்திலிருந்து ஆரவாரத்துக்கு ஏறும் இந்த ஏற்றமே அதன் உயிர்.

கவ்றிஞ்ஞாவும் இத்தகைய ஆபிரிக்கத் தாளங்களும் கலந்து, பின்னாளில் தீவெங்கும் பரவிய பைலா பிறந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தை ஒட்டிப் பொலிஸ் உத்தியோகத்தராகப் பணியாற்றிய வொலி பஸ்தியன்ஸ் சிங்களத்தில் பைலாப் பாட்டுகளைப் பாடி அதற்குப் புதிய செல்வாக்கைத் தேடித்தந்தார். ஆறுமாத்திரைத் தாளம் துள்ளி ஓட, கிற்றாரின் தந்திகள் அதைத் தாங்கிநின்றன. எனினும் அந்த வாத்தியத்துக்கு ஒரு குறை இருந்தது. மரக்கூட்டின் உள்வெளியில் மட்டும் பெருகும் அதன் ஒலி மிக மெலிந்தது. பத்துப்பேர் கைதட்டிப் பாடத் தொடங்கினால் கிற்றார்காரனின் கையசைவு மாத்திரமே கண்ணுக்குத் தெரியும். செவிக்கு ஒன்றும் எட்டாது. இந்தக் குறை இலங்கைக்கு மாத்திரம் உரியதன்று. அமெரிக்காவின் நடனக் கூடங்களிலும் அதே முறைப்பாடு எழுந்தது. அங்கேதான் பரிகாரமும் பிறந்தது.

அந்தப் பரிகாரத்தின் வித்து, நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஊன்றப்பட்டிருந்தது. 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி, காந்தப் புலம் மாறும்போது அதனருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்னோட்டம் பிறக்கும் என்று நிறுவினார். உலகத்து மின்பிறப்பாக்கிகள் எல்லாம் இந்த உண்மையின் மேல் நிற்பனவே. புத்தளக் கரையிலே நுரைச்சோலையில் நிறுவப்பட்ட அனல் மின்நிலையத்தின் பேரியந்திரங்களும், கிற்றாரின் வயிற்றில் பொருத்தப்படும் விரலளவான பிக்கப் என்னும் சிறு கருவியும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு இயங்குகின்றன என்றால் வியப்பாக இருக்கும். ஆனால் அதுவே உண்மை. பிக்கப்பில் ஒரு நிலைக்காந்தமும் அதைச் சுற்றித் தலைமயிர் போன்ற மெல்லிய செப்புக் கம்பி பல்லாயிரம் சுற்றுகளும் உண்டு. மேலே உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. சுருளில் தந்தியின் அதிர்வையே ஒத்த சிறு மின்னோட்டம் எழுகிறது. விரியலாக்கி அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது.

ஜோர்ஜ் போஷாம் என்னும் கிற்றார் வித்துவானும் அடொல்ப் றிக்கன்பக்கர் என்னும் தொழிலதிபரும் சேர்ந்து 1932ஆம் ஆண்டில் இத்தகைய கருவி பொருத்திய கிற்றாரை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் வகைக் கிற்றார் அது. வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் கொண்டிருந்தமையால் பொரிக்கும் சட்டி என்றே பெயர் பெற்றது. 1936ஆம் ஆண்டில் கிப்சன் நிறுவனம் மரக்கூடுள்ள மின் கிற்றாரை வெளியிட்டது. அதன்பின் கலிபோர்னியாவின் புலட்டன் நகரில் வானொலிப் பெட்டி திருத்தும் கடை நடத்திய லியோ பெண்டர், 1950ஆம் ஆண்டில் கூடில்லாத் திண்ணிய மரப்பலகையால் கிற்றார் செய்தார்; 1954ஆம் ஆண்டில் மூன்று பிக்கப்புகள் கொண்ட ஸ்ரற்றோகாஸ்ரரைச் செய்தார். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. ஈயமும் பற்றாசும் வால்வும் அறிந்த ஒரு வானொலித் தொழிலாளியின் கைகளிலேதான் உலகின் புகழ்மிக்க இசைக்கருவி ஒன்று உருவாயிற்று என்பது வானொலி நேயர்களுக்கு இனிக்கும் செய்தியாகும்.

ஆனால் புதிய செவிக்குப் புதிய நோயும் வந்தது. கம்பிச் சுருள் தந்தியின் அதிர்வை மாத்திரம் கேட்பதில்லை. சுற்றிலும் ஓடும் வீட்டு மின்சாரத்தின் அலைகளையும் சேர்த்தே கேட்கிறது. இலங்கையின் மின்சாரம் வினாடிக்கு 50 முழு வட்டங்களாகத் திசைமாறி ஓடுவது. அந்த மீடிறன் ஒலிபெருக்கியில் வண்டின் முரலொலி போலக் கேட்கும். கிப்சன் நிறுவனத்துப் பொறியியலாளர் செத் லவர் 1955ஆம் ஆண்டில் இதற்கு மருந்து கண்டார். ஒன்றுக்குப் பதில் இரண்டு சுருள்களை அடுத்தடுத்து வைத்தார். ஒன்றின் காந்த முனை வடக்காயின் மற்றையதன் முனை தெற்கு. கம்பியின் இணைப்புத் திசையும் ஒன்றுக்கொன்று எதிரானது. தந்தியின் அதிர்வால் எழும் மின்னோட்டம் இரண்டிலும் ஒருங்கு சேர்ந்து வலுப்பெறும். வெளியிலிருந்து வரும் முரலொலியோ ஒன்றையொன்று எதிர்த்து அழிந்துபோகும். முரலை முறிப்பது என்னும் பொருளில் அதற்கு ஹம்பக்கர் என்று பெயரிட்டனர். 1957ஆம் ஆண்டு முதல் கிப்சன் கிற்றார்களில் அது இடம்பெற்றது.

இலங்கையில் மின் கிற்றாரின் குரல் 1960களின் நடுப்பகுதியில் ஓங்கி ஒலித்தது. மூன்ஸ்ரோன்ஸ் குழுவின் கிளறன்ஸ் விஜேவர்தன சிங்கள மெல்லிசையில் அதற்கு நிலையான இடம் தேடித்தந்தார். 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் தமிழில் பொப்பிசைப் பாடல்களைப் பாடிப் புகழ் பெற்றனர். பைலாவின் துள்ளல் தமிழ்ச் சொற்களில் ஏறிக் கடல் கடந்து தமிழகத்தையும் எட்டியது. இலங்கை வானொலி அந்தக் குரல்களை வீடுதோறும் சேர்த்தது. அன்று தொடங்கி, கரையோர ஊர்களின் கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் மின் கிற்றார் வழக்கமான விருந்தாளியாயிற்று.

இனி, அந்தக் கரையில் வாழும் ஓர் இளைஞன் தனக்கென ஒரு கிற்றாரைச் செய்விக்க விரும்பினால் அவன் எண்ணிப்பார்க்க வேண்டியவை யாவை? முதலாவது, எந்த இடத்தில் பிக்கப்பை வைப்பது என்பது. கழுத்தருகே தந்தி அகன்று அதிரும். அங்கு வைக்கப்படும் பிக்கப் உருண்டு திரண்ட தாழ்குரலைத் தரும். தந்தி தாங்கியருகே அதிர்வு குறுகியது. அங்கிருந்து கூர்மையும் துலக்கமும் உள்ள குரல் எழும். பைலாவின் தாளத்தைச் சுண்டிக்கொடுக்கப் பின்னது உதவும். மெல்லிய இராக நடைக்கு முன்னது உதவும். ஆதலினாலேயே பெரும்பாலான கிற்றார்களில் இரண்டு இடங்களிலும் பிக்கப்புகள் வைத்து, இடையே ஓர் ஆளி பொருத்துகிறார்கள்.

இரண்டாவது, எத்தனை சுற்றுச் சுற்றுவது என்பது. ஒற்றைச் சுருள் பிக்கப்பில் ஏறத்தாழ 8,000 சுற்றுகள் இருப்பது வழக்கம். சுற்றுகள் கூடக்கூட ஒலியின் வலு கூடும். ஆனால் உச்ச ஒலிகள் மங்கும். வலுமிக்க பிக்கப்பையே சிறந்ததென்று எண்ணுவது இளையோரின் பொதுவான இயல்பு. இங்கேதான் மஞ்ஞாவை நினைவுகூர வேண்டும். மெல்லத் தொடங்கி உச்சத்துக்கு ஏறும் பாட்டுக்கு, விரலின் மென்மையையும் வன்மையையும் பிரித்துக்காட்டும் பிக்கப்பே வேண்டும். மிகையான வலு உள்ளது, முதல் தடவலிலேயே விரியலாக்கியைத் திணறச் செய்து, எல்லா அடிகளையும் ஒரே உரப்பில் ஒலிக்கச் செய்துவிடும். ஏறுவதற்குப் படி இல்லாத மாடிபோல அந்தப் பாட்டு நின்றுவிடும். ஆதலால் அளவான சுற்றுள்ள பிக்கப்பைத் தேர்ந்து, வேண்டிய உரப்பை விரியலாக்கியில் பெற்றுக்கொள்வதே அறிவுடைமையாகும்.

மூன்றாவது, ஒற்றைச் சுருளா இரட்டைச் சுருளா என்பது. ஒற்றைச் சுருளின் குரல் தெளிந்தது, ஆயினும் முரலும். கற்பிட்டித் தோட்டங்களைப் போல நீரிறைக்கும் மின்பொறிகள் ஓடும் இடங்களிலும், குழல்விளக்குகள் நிறைந்த விழாப் பந்தல்களிலும் அந்த முரலொலி பெருந்தொல்லையாகும். இரட்டைச் சுருள் அமைதியானது. குரல் சற்றுத் தடித்தது. இரண்டின் நன்மையையும் பெற விரும்புவோர் நாற்கம்பி ஹம்பக்கரை வாங்கி, இணைப்பு முறையால் வேறுபாடு காண்கின்றனர். இரு சுருள்களையும் தொடராக இணைத்தால் வலுவும் கனமும் மிகும். சமாந்தரமாக இணைத்தால் வலுக் குறைந்து தெளிவு மிகும், முரலொலியும் எழாது. ஒரு சுருளை மாத்திரம் இயக்கினால் ஒற்றைச் சுருளின் குரல் வரும்; அதனோடு முரலொலியும் திரும்பி வரும். இரண்டு பிக்கப்புகளை எதிர்த்திசையில் இணைத்தாலோ மூக்கால் பேசுவது போன்ற மெலிந்த குரல் பிறக்கும். அதை விரும்புவோரும் உளர். இணைப்பு மாற்றம் என்பது ஒரே வாயைக் கொண்டு பலவாறு பேசுவது போன்றது. ஆனால் பத்து ஆளிகள் வைத்த கிற்றாரில் மேடையிலே எந்த ஆளி எதற்கென்று தேடி நிற்பதைக் காட்டிலும், நன்கு அறிந்த மூன்று குரல்கள் போதுமானவை. ஸ்ரற்றோகாஸ்ரரில் தொடக்கத்தில் மூன்று நிலை ஆளியே இருந்தது. வாசிப்போர் அந்த நிலைகளுக்கு இடையே ஆளியை நிறுத்தி இரண்டு பிக்கப்புகளைச் சேர்த்து ஒலிக்கக் கற்றனர். அதைக் கண்டே 1977ஆம் ஆண்டில் ஐந்து நிலை ஆளி தொழிற்சாலையிலிருந்தே வரலாயிற்று. தேவை முன்னே வரக் கருவி பின்னே வருவதற்கு அது நல்ல சான்று.

நான்காவது, உரப்பையும் தொனியையும் ஆளும் மாறுந்தடைகள். ஒற்றைச் சுருளுக்கு 250,000 ஓமும், இரட்டைச் சுருளுக்கு 500,000 ஓமும் வழக்கமான அளவுகள். தடையின் அளவு குறைந்தால் உச்ச ஒலிகள் சிறிது கசிந்து குரல் மென்மையாகும். கூடினால் துலக்கம் எஞ்சும். தொனிக்குரிய கொள்ளளவி ஒற்றைச் சுருளுக்கு 0.047 மைக்குரோபரட் என்றும், இரட்டைச் சுருளுக்கு 0.022 என்றும் பெரும்பாலும் கொள்ளப்படும். அளவு பெரிதானால் தொனிக்குமிழைத் திருகும்போது குரல் மிகுதியாக இருளும். இவை சில ரூபாய்க்குக் கிடைக்கும் உறுப்புகளே. எனினும் விலையுயர்ந்த பிக்கப்பின் குரலை ஆக்கவும் கெடுக்கவும் வல்லவை.

ஐந்தாவது புத்தளக் கரைக்கே சிறப்பாக உரியது: உப்புக் காற்று. பாலாவி உப்பளங்களில் நீரை உறைவிக்கும் அதே வெயிலும் காற்றும் உருக்கையும் செம்பையும் அரிப்பதில் விட்டுக்கொடுப்பதில்லை. திருகாணி துருப்பிடிக்கும், செப்புப் பரப்பில் பச்சை படியும், மாறுந்தடையைத் திருகும்போது கரகரப்புக் கேட்கும். ஆதலால் உருகிய மெழுகில் அமிழ்த்திய சுருள்களையே தேர்வது நன்று. சுருள்கள் தளர்ந்து வீரிடுவதைத் தடுப்பதற்கென வந்த முறை அது; ஈரத்துக்கும் ஓரளவு காப்பாக உதவும். மூடிய உறையுள்ள மாறுந்தடைகளும், துருப்பிடியாத உருக்குத் திருகாணிகளும், சுத்தமாகப் பிடித்த பற்றாசும் கரையோரத்தில் ஆடம்பரமல்ல; அவசியமே. கிற்றாரின் உட்குழியைச் செப்புத் தகட்டால் போர்த்து, அதையும் தந்தி தாங்கியையும் புவித்தொடுப்போடு இணைத்தால், புறத்தே அலையும் மின்னிரைச்சலும் பெரிதும் தணியும்.

இத்தனையும் கூறியபின் ஓர் உண்மையை மறத்தலாகாது. காந்தம் இரும்பை மாத்திரமே கேட்கும். நைலோன் தந்தி அதற்குச் செவிடு. வெண்கலம் சுற்றிய தந்தியில் உள்ளிருக்கும் உருக்கு இழையைத்தான் அது அறியும். சிரட்டையின் கொட்டும், றபானின் அதிர்வும், பாடுவோரின் மூச்சும் அதற்கு எட்டா. மஞ்ஞாவை மேடையேற்ற விரும்புவோர், மன்டலினுக்குக் காந்தப் பிக்கப்பைப் பொருத்திவிட்டு மற்றவற்றுக்கு ஒலிவாங்கி வைக்காவிடின், தந்தி மாத்திரம் பெருகி ஒலிக்கும். பாட்டு அதன் கீழே அமிழ்ந்துவிடும். மொழி பேச்சிலிருந்து நழுவிப் பாட்டிலே மாத்திரம் எஞ்சியிருக்கும் ஒரு சிறு சமூகத்துக்கு இது சிறிய இழப்பன்று. எதைப் பெருக்குவது என்று தீர்மானிப்பவர், எதை அமிழ்த்துவது என்பதையும் உடன் தீர்மானித்துவிடுகிறார்.

மின் வாத்தியம் பழைய இசையைக் கெடுத்தே தீரும் என்று அஞ்சவும் வேண்டுவதில்லை. மன்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) அந்த அச்சத்தைப் போக்கியவர். இரட்டைத் தந்திகளோடு பிறந்த மேனாட்டு வாத்தியத்தை எடுத்து, ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டி, மின் பிக்கப் பொருத்தி, கர்நாடக இசையின் கமகங்களை அதில் நிகழ்த்திக் காட்டினார். மரக்கூட்டில் விரைந்து மடிந்துபோகும் மன்டலின் நாதம், மின்சாரத்தின் துணையால் நீண்டு நின்று கமகத்துக்கு இடம் தந்தது. அவர் கருவிக்கு இசையை வளைக்கவில்லை. இசை வேண்டியதைக் கருவியிடமிருந்து வாங்கினார். புத்தளக் கரையின் இசைக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

போர்த்துக்கேயக் கப்பலில் வந்த தந்தி, ஆபிரிக்கத் தாளத்தோடு கூடி, சிங்களத்திலும் தமிழிலும் பாடி, அமெரிக்க வானொலித் தொழிலாளியின் காந்தத்தையும் ஏற்றுக்கொண்டது. இத்தனை கைமாறியும் அது உயிரோடிருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு கையும் தனக்கு வேண்டிய குரலை அறிந்து தேர்ந்தமையே. பிக்கப்பையும் கம்பியிணைப்பையும் தேர்வோர் அட்டவணையைப் பார்ப்பதற்கு முன் தம் ஊர்ப் பாட்டை ஒருமுறை செவிகொடுத்துக் கேட்பாராக. சிரம்பியடியில் மெல்ல எழும் முதலடி தெளிவாகக் கேட்குமாறு அமைந்த கிற்றாரில், கடைசியடியின் ஆரவாரமும் தானே வந்து பொருந்தும்.